எடுத்தல்

மூன்று நாளாக ஒரே சொல்லில் நிற்கிறேன்.
பதினேழாம் பக்கம், நடுப்பத்தி.
இல்லாமல் ஆக்குவது, காப்பாற்றி வைப்பது,
உயரத் தூக்குவது, மூன்றையும்
ஜெர்மன்காரர்கள் ஒரே வினையில் முடித்துவிடுகிறார்கள்.
'நீக்கிக் காத்து உயர்த்தல்' என்று எழுதிப் பார்த்தேன்.
ரேஷன் கடைப் பலகை மாதிரி இருந்தது. அடித்தேன்.

புத்தகம் சொல்வது இவ்வளவுதான்:
எந்தத் தத்துவமும் தோற்றுப்போகவில்லை.
தோற்றது, நானே கடைசி என்ற அதன் பேச்சு மட்டும்.
எல்லாம் நீர் என்றவரும் எல்லாம் நெருப்பு என்றவரும்
ஒருவர் தோளில் ஒருவர் ஏறி
ஒரே ஆளாக நடந்து வருகிறார்கள்.
கிழக்கே கண்விழித்த அந்த ஆள்
மேற்கே போய்த்தான் தன்னைத் தெரிந்துகொள்கிறானாம்.
நம்மைப் பற்றியும் தொடக்கத்தில் வருகிறது,
பந்திக்கு முன் வாழையிலையில்
தெளிக்கிற தண்ணீர் அளவுக்கு.

நான் உட்கார்ந்து எழுதும் ஊருக்குத்
தலைஞாயிறு என்று பெயர்.
காவிரிக்கோ இது கடைமடை.
மேட்டூர் திறந்து முப்பத்தோரு நாள்.
மேற்கே பிறந்த ஆறு
கல்லணையில் பிரிந்து, பிரிந்ததிலும் பிரிந்து,
வழியெல்லாம் பெயர்களை உதிர்த்துவிட்டு
அரிச்சந்திரா என்று கிழக்கே இங்கு வர வேண்டும்.
இன்னும் வரவில்லை.
எல்லாம் ஒன்றில் போய்ச் சேரும் என்பது அவர்கள் கணக்கு.
ஒன்று எங்கெங்கே வற்றியது என்பது
எங்கள் வாய்க்கால் கணக்கு.

சாயங்காலம் சட்ரஸ் வரைக்கும் நடந்தேன்.
லஸ்கர் வைரக்கண்ணு, என்னைவிடப் பத்து வயது இளையவர்,
பலகைகளை இறக்கிவிட்டு
கிரீஸ் கையோடு நின்றார்.
'கடல் ஏறுதுக்கா. அமாவாசை.'
அந்தப் பக்கம்
கடல் ஆற்றுக்குள் வந்துகொண்டிருந்தது,
ஆற்றின் தடத்திலேயே, ஆற்றுக்கு எதிராக.
விட்டால் மைல் கணக்கில் ஏறி
தொட்ட தண்ணீரையெல்லாம் தன் ருசிக்கு மாற்றிவிடும்.

முடிவில் நிற்பவர்கள் வரலாறு எழுதுவது இப்படித்தான்.
கீழிருந்து மேலே ஏறி வந்து,
குடகின் முதல் துளியும்
உப்பாவதற்குத்தான் கிளம்பியது என்கிறார்கள்.

ஆனாலும் புத்தகத்தை மூட முடியவில்லை.
போன வாரம் பின்வீட்டில் போர் போட்டார்கள்.
களிமண் வந்தது, பிறகு மணல்,
அதற்கும் கீழே சிப்பி, வெள்ளையாக, முழுசாக.
ஒவ்வொரு வெள்ளமும் முந்தியதை மூடித்தான்
தரையாகியிருக்கிறது.
மூடப்பட்டது அடியில் கிடந்து
ஜொஹராக்காவின் மாடிவீட்டைத் தாங்குகிறது.
இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் சொல்வது சரி.
எனக்கு அது பிடிக்கவில்லை என்பது வேறு.

'வெள்ளம் வந்தா?' என்றேன்.
'பலகையை எடுத்துருவேன்.'
'முன்னே மரப்பலகைதானே?'
'அதெல்லாம் எப்பவோ எடுத்தாச்சு.
ஒண்ணு மட்டும் எடுத்து வெச்சிருக்கேன்,
மாட்டுக்கொட்டாய்ல.'

அவர் பீடி பற்றவைத்தார்.
நான் அங்கேயே, மதகுச் சுவரில், கைபேசியில் எழுதினேன்:
எடுத்தல்.

ராத்திரி தூக்கம் வரவில்லை.
மூன்றோடு நிற்கிற சொல்லா அது?
பசி எடுக்கிறது.
தெருமுனையில் பிச்சை எடுக்கிறார்கள்.
நடவுக்குக் கடன் எடுத்தவர்கள்
பிணம் எடுக்கும் நேரத்தில்தான்
வட்டியைப் பற்றிப் பேசாமல் இருக்கிறார்கள்.
இதில் எது எதைக் காக்கிறது,
எது எதை உயர்த்துகிறது?
அடிக்குறிப்பு ஒன்று போட்டேன்.
அரைப் பக்கம் ஓடியது. அதையும் எடுத்துவிட்டேன்.

மூன்று மணி இருக்கும்.
வாய்க்காலில் சலசலவென்று கேட்டது.
டார்ச்சோடு போனேன்.
நாய் ஒன்று சருகில் புரண்டுகொண்டிருந்தது.
வெளிச்சம் பட்டதும்
எழுந்து, உதறிக்கொண்டு,
காய்ந்த தரையோடு மேற்கே போனது.